பேரம் பேசாத வரிசை

செதிலக்காவிடம் மீன் வாங்கி ஏமாந்தேன் என்று சொன்னவர் யாரும் கிடையாது. பேரத்தில் அவளை ஜெயித்தேன் என்று சொன்னவரும் கிடையாது. விலை சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்தால் அந்த மீனைத் தன் கையால் ஊட்டி வளர்த்தவள் போலிருக்கும். பாதியாகக் குறைத்துக் கேட்டால் கண்ணை ஒரு தரம் மூடித் திறப்பாள். கேட்கக்கூடாத எதையோ கேட்டுவிட்டோமோ என்று கேட்டவருக்கே கூச்சமாகிவிடும். பிறகு அவள் கொஞ்சம் இறங்குவாள், அவர் கொஞ்சம் ஏறுவார். நடுவழியில் இருவரும் சந்திக்கிற நேரத்தில் கத்தி ஏற்கெனவே மீனின் வயிற்றுக்குள் போயிருக்கும்.

முழங்கைவரை ஒட்டிக்கிடக்கும் செதில்களால் வந்த பெயர் அது. எத்தனை தேய்த்துக் குளித்தாலும் காதுக்குப் பின்னாலோ புருவத்திலோ ஒன்று தங்கிவிடும். வெயில் பட்டால் மினுங்கும். லாரி ஷெட்டில் டயருக்குக் காற்றடிக்கிற அவள் புருஷன், தன் வீட்டுக்கு நகையெல்லாம் கடலிலிருந்து நேராக வருகிறது என்று கேட்பவரிடமெல்லாம் சொல்வார். சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால், பக்கத்தில் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவளே நினைத்துக்கொள்வாள்.

பேரத்தைத் தவிர அவளுக்கு இன்னொரு கெட்டிக்காரத்தனமும் உண்டு. அடக்கிக்கொள்வது. விடியுமுன்னே ஏலத்துக்குக் கிளம்பும்போது கழிப்பறைக்குப் போனால், அடுத்தது பொழுது சாய்ந்து வீடு திரும்பிய பின்தான். அதற்காகவே பகலில் தண்ணீர் குடிக்கமாட்டாள். நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டால் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிடுவாள், அவ்வளவுதான். சந்தையில் கடை போடும் பெண்கள் எல்லோரும் இந்த வித்தையில் ஏறக்குறையத் தேறியவர்கள்தான். யார் கெட்டி என்று அவர்களுக்குள் சொல்லப்படாத ஒரு போட்டியே நடந்தது. எதிர்க்கடை முட்டைக்காரிக்கு மட்டும் எதையும் சொல்லாமல் வைத்துக்கொள்ளத் தெரியாது.

“இதுக்கு ஒரு கோப்பை குடுத்தாங்கன்னா வருஷா வருஷம் செதிலக்காதான் தூக்கிட்டுப் போகும்” என்பாள்.

அக்கா முறைப்பாள். உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருக்கும்.

சந்தையின் பின்பக்கம் பெண்களுக்கென்று ஒரு கழிப்பறை இருந்தது. இருந்தது என்றால், சுவர் இருந்தது, கதவு இருந்தது, கதவில் பூட்டு இருந்தது. என்றைக்கோ மோட்டார் எரிந்துபோனது. சரிசெய்யும்வரை என்று சொல்லிப் பூட்டினார்கள். பூட்டிய இடம் காலியாகத்தானே கிடக்கிறது என்று நகராட்சி ஆட்கள் உடைந்த நாற்காலிகளையும் துருப்பிடித்த விளக்குக் கம்பங்களையும் கொண்டுவந்து உள்ளே அடுக்கினார்கள். அதன்பிறகு அது கிடங்காகிவிட்டது. கிடங்குக்கு மோட்டார் எதற்கு? ஆண்களுக்கு இதில் ஒரு குறையுமில்லை. சந்தைக்கு மூன்று பக்கமும் சுவர் இருந்தது.

செதிலக்காவின் மகன் ஐஸ் வண்டி ஓட்டுகிறவன். அவனுக்குக் கல்யாணமாகி வந்த பெண் கொஞ்ச நாள் வீட்டில் இருந்து பார்த்தாள். சுவரையும் கூரையையும் எத்தனை நேரம் பார்ப்பது, நானும் சந்தைக்கு வருகிறேன் அத்தை என்றாள். வந்தவளுக்குக் கத்தி கையோடு பிறந்ததுபோல் அமைந்துவிட்டது. முள் மிகுந்த மீனை அவள் துண்டு போட்டால் குழந்தைக்குக்கூடப் பயமில்லாமல் கொடுக்கலாம் என்று பேர் வாங்கிவிட்டாள். அக்காவின் பலகையை ஒட்டியே அவளுக்கும் ஒரு பலகை வந்தது. கையில் கத்தியோடு பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் மாமியாருக்கும் மருமகளுக்கும் ரத்தக்காயம் இல்லாத ஒரே இடம் இதுதான் என்று முட்டைக்காரி ஊரெல்லாம் சொல்லிவைத்தாள்.

மருமகளும் சந்தை வழக்கப்படி அடக்கப் பழகினாள். தண்ணீரைக் குறைத்தாள். வயிற்றில் பிள்ளை வந்தபிறகும் அப்படியே இருந்தாள். ஐந்தாம் மாதத்தில் ஒரு நாள், கூட்டம் நெருக்கியடிக்கும் நேரத்தில், கத்தியைப் பலகைமேல் வைத்துவிட்டு ஐஸ் பெட்டிமீது சாய்ந்தாள். சாய்ந்தவள் எழவில்லை. உடம்பு அடுப்பாய்க் கொதித்தது.

ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர் சின்ன வயதுப் பெண். சிறுநீரில் கிருமி ஏறி அது சிறுநீரகம்வரை போய்விட்டது, இன்னொரு தடவை வந்தால் பிள்ளைக்கே ஆபத்து என்றாள். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், வந்தால் உடனே போய்விட வேண்டும், அடக்கவே கூடாது என்று அடித்துச் சொன்னாள். பிறகு நிமிர்ந்து, “வேலை பாக்குற இடத்துல பாத்ரூம் இருக்குல்ல?” என்று கேட்டாள்.

“இருக்குங்க” என்று செதிலக்காவின் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. இல்லை என்று சொல்லக் கூச்சம். கட்டிலில் கிடந்த மருமகள் தலையைத் திருப்பி மாமியாரைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் அக்கா, “இருக்கு. பூட்டியிருக்கு” என்றாள்.

இத்தனை வருஷம் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தது அந்த இடத்திலேயே அவளுக்குக் கசந்துபோனது.

மகன் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான். இனி அவள் வீட்டில்தான். மருமகள் அழவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. சந்தையிலிருந்து பிள்ளைப்பேறு என்று போன எவளாவது திரும்பி வந்து பார்த்திருக்கிறீர்களா என்று மட்டும் மாமியாரிடம் கேட்டாள். அக்கா யோசித்துப் பார்த்தாள். ஒருத்தியும் நினைவுக்கு வரவில்லை.

“நான் வீட்டுக்குப் போறதுக்குப் பதிலா அந்தப் பூட்டு போகலாம்ல அத்தை?”

கேட்டுவிட்டு அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மறுநாள் காலை செதிலக்கா சந்தை சங்கத் தலைவரின் கடை திறக்குமுன்பே போய் வாசலில் நின்றாள்.

தலைவர் துணி வியாபாரி. நல்ல மனிதர். மைக் கிடைத்தால் அதைவிட நல்ல மனிதர். விஷயத்தைக் கேட்டதும், மறியல் போட்டுவிடலாம் என்றார். அவர் கடைத் துணியிலேயே பதாகை தயாரானது. நாற்சந்தியில் பெண்கள் உட்கார்ந்தார்கள். தலைவர் பேசினார், கோஷம் எழுப்பினார். பெண்கள் திருப்பிச் சொன்னார்கள். கூடை சுமந்து சுமந்து கூவிப் பழகிய குரல்கள், கேட்கவா வேண்டும். பேருந்துகள் வரிசையாக நின்றன. மாட்டிக்கொண்ட பயணிகளுக்கு முட்டைக்காரி இரண்டு தட்டு வியாபாரமும் செய்துவிட்டாள். கல்யாண வீடு மாதிரிக் கலகலவென்று இருந்தது.

நகராட்சி அதிகாரி நேரிலேயே வந்தார். ஊருக்குப் புதிது. முப்பத்தைந்து வயதிருக்கும் பெண், வெயிலில் முகம் சிவந்திருந்தது. மோட்டார் வாங்க வேண்டும், உள்ளே இருக்கும் சாமான்களுக்கு இடம் பார்க்க வேண்டும், மூன்று மாதம் அவகாசம் கொடுங்கள் என்றார்.

அங்கேதான் தப்பு நடந்தது. மூன்று என்று ஒருவர் சொன்னால் அரை என்று சொல்லாமல் இருக்க அந்தப் பெண்களுக்குத் தெரியாது. பதினைந்து நாள் என்றாள் முட்டைக்காரி. அதிகாரி இரண்டரை மாதத்துக்கு வந்தார். செதிலக்கா கண்ணை மூடித் திறந்தாள். அதிகாரிக்குக் கூச்சமாகிவிட்டது, இரண்டு என்றார். இந்தப் பக்கம் இருபது நாளுக்கு ஏறினார்கள். உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் முகத்தில் களை வந்துவிட்டது. மும்முரமாய்ப் பேரம் நடந்துகொண்டிருந்தது. கடைசியில் ஒரு மாதத்துக்குப் படிந்தது. மலிவாக முடித்துவிட்ட சந்தோஷத்தில் எல்லோரும் எழுந்து, பின்பக்கம் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு கடைக்குப் போனார்கள். தலைவர் மைக்கை அணைக்க மனமில்லாமல் நன்றி சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஒரு மாதம் போனது. அதற்குமேலும் போனது. செதிலக்கா பின்பக்கம் போய்ப் பார்த்தாள். பூட்டுக்கும் நாதாங்கிக்கும் நடுவில் ஒரு சிலந்தி வலை கட்டி, அதில் வசதியாகக் குடியிருந்தது. மருமகளின் பலகை வெயிலில் காய்ந்து விரிசல் விட்டிருந்தது. வாடிக்கைக்காரர்கள் முதலில் அந்தப் பெண் எப்போது வரும் என்று கேட்டார்கள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார்கள். அவர்கள் கேட்டபோது வலித்ததைவிட நிறுத்தியபோதுதான் அக்காவுக்கு அதிகம் வலித்தது.

“விலை படிஞ்சிருச்சு, சரக்குதான் வரல” என்றாள் முட்டைக்காரி. அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள்.

அக்கா அப்போது ஒரு பெரிய மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். வாலிலிருந்து தலைப்பக்கமாகச் சுரண்ட வேண்டும். எதிர்த்துப் போனால்தான் செதில் தெறிக்கும். தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் நாள் பூராவும் தடவிக்கொண்டிருக்கலாம், மீனுக்கும் சுகம், நமக்கும் வழவழவென்று இருக்கும், ஒன்றும் வராது. அன்றைக்கு நாற்சந்தியில் நாம் செய்தது தடவிக்கொடுத்ததுதான் என்று அவளுக்குத் தோன்றியது. கையில் இருந்த மீன் ஏற்கெனவே வழித்தாகிவிட்டது. அது தெரியாமல் சுரண்டிக்கொண்டே இருந்தாள். வாங்க வந்தவர் பயந்துபோய், போதும்மா, தோலாவது மிஞ்சட்டும் என்றார்.

அதிகாரியை ஒரு தடவை நேரில் பார்த்துக் கேட்டுவிடலாம் என்று தனியாக நகராட்சி அலுவலகத்துக்குப் போனாள். சந்தைக்கு எதிரே, சாலையைத் தாண்டினால் அலுவலகம். உட்காருங்கள், கூப்பிடுவார்கள் என்றார் வாட்ச்மேன். பெஞ்சில் உட்கார்ந்தாள். வீட்டில் மருமகளுக்குத் துணையாகத் தானும் தண்ணீர் குடிக்க ஆரம்பித்திருந்த நேரம் அது. உடம்பு பழைய வித்தையை மறந்துகொண்டிருந்தது. உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் முட்டிக்கொண்டு வந்தது.

வாட்ச்மேனிடம் மெல்லக் கேட்டாள். அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். முழங்கையில் இருந்த செதிலைப் பார்த்தார். அப்புறம் என்ன நினைத்தாரோ, நடையின் கடைசியில் இடப்பக்கம் என்று கையைக் காட்டிவிட்டு வேறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

உள்ளே போனாள். வெள்ளை ஓடு. திறந்ததும் தண்ணீர் கொட்டும் குழாய். கொக்கி போட முடிகிற கதவு. வெளியே வந்து கை கழுவும்போது சுவர்க் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள். பகல் வேளையில் தன் முகம் இப்படிச் சுளிப்பில்லாமல் இருந்து அவள் பார்த்ததே இல்லை. கதவில் பெண்கள் என்று எழுதி, பக்கத்தில் ஒரு பெண் உருவம் வரைந்திருந்தார்கள். அந்த உருவத்தின் கையில் மீன் கூடை இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. வெறும் உருவம்தான்.

அதிகாரியைப் பார்க்காமலேயே திரும்பி வந்துவிட்டாள்.

மத்தியானம் வியாபாரம் ஓய்ந்ததும் பெண்கள் ஐஸ் பெட்டிகளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஆளுக்கொரு யோசனை. கடையடைப்பு என்றாள் ஒருத்தி. அடைத்தால் அழுகுவது நம் மீன், நகராட்சி மீனா என்று அடுத்தவள் வாயை அடைத்தாள். உண்ணாவிரதம் என்றது ஒரு குரல். முட்டைக்காரி எழுந்தே நின்றுவிட்டாள்.

“காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் பச்சைத் தண்ணி பல்லுல படாமத்தான் எல்லாரும் இருக்கோம். இதுவரைக்கும் எவனாவது ஜூஸ் எடுத்துக்கிட்டு வந்தானா?”

சிரிப்பு அடங்கியதும், மீன் கழிவுத் தண்ணீரை வாளி வாளியாக எடுத்துப் போய் அலுவலக நடையில் கொட்டிவிடலாம், மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்து திறப்பார்கள் என்றாள் இன்னொருத்தி. நிறையத் தலைகள் ஆடின. செதிலக்காவுக்கே ஒரு கணம் கை துறுதுறுத்தது. ஆனால் அந்த நடையை யார் கழுவுவார்கள் என்று கேட்டாள். அலுவலகம் கூட்டுகிற பெண் வெயில் தாழ்ந்தபின் கடைசி விலைக்கு மீன் வாங்க இங்கேதான் வருவாள். எல்லோருக்கும் அவளைத் தெரியும். ஆடிய தலைகள் நின்றன.

“எதையும் கொட்ட வேணாம், கத்தவும் வேணாம். நமக்கு என்ன வேணுமோ அதையே செய்வோம். அங்க ஒரு பாத்ரூம் இருக்கு. பெண்கள்னு எழுதியிருக்கு. நாம போவோம்” என்றாள் அக்கா.

“எத்தன பேரு?”

“எத்தன பேருக்கு வருதோ அத்தன பேரு.”

ஏற்பாடு சந்தைக்காரர்களுக்கே உரிய ஏற்பாடு. கடை மூடக்கூடாது. ஒருத்தி போனால் பக்கத்துக் கடைக்காரி இரண்டு கடையையும் பார்த்துக்கொள்வாள். போய் வந்தவள் உட்கார்ந்ததும் மற்றவள் எழுந்து போய் வரிசையின் வாலில் நிற்பாள். கைகால் கழுவிக்கொண்டுதான் போக வேண்டும். போன இடத்தை, போனபோது இருந்ததைவிடச் சுத்தமாக வைத்துவிட்டு வர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எல்லோரும் வயிறு நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். இந்தக் கடைசிக் கட்டளையைக் கேட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பகலில் தண்ணீர் குடிப்பது அவர்களுக்கு ஏதோ திருட்டு வேலை மாதிரி இருந்தது.

மறுநாள் அலுவலகம் திறந்தபோது நடையின் கடைசியிலிருந்து வாசல்வரை வரிசை நின்றது. கொஞ்ச நேரத்தில் வாசலைத் தாண்டிச் சாலையோரம் வந்தது. கோஷம் இல்லை, பதாகை இல்லை. மீன், வெங்காயம், கொத்தமல்லி, கோழி என்று சந்தையின் வாசனை மட்டும் நடை முழுக்க வரிசையாக நின்றது. வாட்ச்மேன் கையைப் பிசைந்தார். ஒரே ஒருத்திக்குத்தானே வழிகாட்டினோம் என்று அவர் முகம் சொன்னது. அலுவலகப் பெண்கள் முதலில் மூக்கைச் சுளித்தார்கள். பிறகு அவர்களுக்கும் அவசரம் வந்தது. நேராக உள்ளே போகப் பார்த்த ஒருத்தியிடம் முட்டைக்காரி மிக மரியாதையாக, வரிசை அங்கிருந்து ஆரம்பிக்கிறது என்று சாலையைக் காட்டினாள். அந்தப் பெண் போய் வாலில் நின்றாள். முன்னால் நின்றவளிடம் தினமும் என்னதான் செய்வீர்கள் என்று கேட்டாள். அவள் சொன்னாள். வரிசை நகரும்வரை சொல்லிக்கொண்டே இருந்தாள்.

வெயில் ஏறியபோது ஒரு போலீஸ்காரம்மா வந்தாள். நாற்சந்தியில் போக்குவரத்தைப் பார்த்துக்கொள்கிறவள். அனுமதி வாங்காமல் என்ன போராட்டம் இது என்று செதிலக்காவிடம் கேட்டாள்.

“போராட்டம் இல்லம்மா. அவசரம்.”

போலீஸ்காரம்மா வரிசையைப் பார்த்தாள். நாற்சந்தியில் காலையிலிருந்து நிற்பவள். நாற்சந்தியில் குடை இருந்தது, விசில் இருந்தது, வேறொன்றும் இல்லை. தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், கடைசியில் போய் நின்றாள். முட்டைக்காரி அவள் கையைப் பிடித்து முன்னால் கூட்டிவந்து, “அவங்க ட்யூட்டில இருக்காங்க, விடுங்கடி” என்றாள். போலீஸ்காரம்மா வெளியே வந்து, வரிசை கலையாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

சாயங்காலம்வரை வரிசை குறையவில்லை. மறுநாளும் நின்றது. தண்ணீர் குடித்துப் பழகிய உடம்பு சும்மா இருக்குமா? கட்டட வேலைப் பெண்கள், பேருந்துக்கு வந்தவர்கள் என்று சந்தைக்குச் சம்பந்தமில்லாதவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அலுவலகப் பெண்கள் காலையில் வீட்டிலிருந்து வரும்போதே தண்ணீரைக் குறைத்துக்கொண்டு வரத் தொடங்கினார்கள். அதிகாரிக்கென்று தனிக் கழிப்பறை கிடையாது. நடையின் கடைசியில் இடப்பக்கம் இருந்ததுதான் அவருக்கும். முதல் நாள் அவர் அறையைவிட்டு வெளியே வரவில்லை. இரண்டாம் நாள் வந்தார். வரிசையில் நின்றார். போலீஸ்காரம்மாவுக்குச் செய்தது போல் அவருக்கு யாரும் வழிவிடவில்லை. அவரும் கேட்கவில்லை. நின்ற நேரமெல்லாம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் அதிகாரி பேச்சுக்குக் கூப்பிட்டார். செதிலக்கா, முட்டைக்காரி, இன்னும் இரண்டு பேர் போனார்கள். சங்கத் தலைவர் கூப்பிடாமலே வந்து முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அதிகாரி அன்பாகத்தான் பேசினார். சந்தைக் கழிப்பறை மூன்று மாதத்தில் நிச்சயம் தயாராகிவிடும். அதுவரை இந்த அலுவலகக் கழிப்பறையைச் சந்தைப் பெண்கள் காலையில் இரண்டு மணி நேரம், மத்தியானம் இரண்டு மணி நேரம் பயன்படுத்திக்கொள்ளலாம். வரிசை மட்டும் வேண்டாம்.

தலைவர் தாராள மனசு என்று தலையாட்டினார். முட்டைக்காரியின் கண்ணில் அந்தப் பழைய ஒளி வந்துவிட்டதை அக்கா பார்த்தாள். மூன்று மணி நேரமாக்குங்கள், ஒன்றரை மாதமாக்குங்கள் என்று அவள் நாக்கு எழும்பிக்கொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால் அக்காவின் நாக்கும்தான். கண் இமை தானாகக் கீழே இறங்கப் பார்த்தது. ஆயுசு முழுக்கப் பழகிய பழக்கம். அதை இறங்கவிடாமல் அகல விழித்துக்கொண்டு, முட்டைக்காரியின் தொடையில் கையை வைத்து அழுத்தினாள்.

“வேணாம் மேடம்” என்றாள்.

“அப்ப எவ்வளவு நேரம் வேணும்னு நீங்களே சொல்லுங்க.”

“சொல்லமாட்டேன். சொன்னா பேரமாயிரும்.”

தலைவர் குறுக்கே வந்து, அதிகாரி இவ்வளவு இறங்கி வந்திருக்கிறார், நம் பக்கமும் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டாமா என்றார். அக்கா அவர் பக்கம் திரும்பவில்லை. அதிகாரியைப் பார்த்தே பேசினாள். குரலை உயர்த்தவும் இல்லை.

“மீன்னா விட்டுக்கொடுப்பேன் மேடம். தெனம் அதான் என் பொழப்பு. இதுல எப்படி விட்டுக்கொடுக்குறது? வந்ததுல பாதி இன்னைக்குப் போயிட்டு, மீதிய மூணு மாசம் கழிச்சுப் போக முடியுமா?”

முதலில் சிரித்தது, கோப்போடு ஓரமாக நின்றிருந்த, வரிசையின் வாலில் கதை கேட்ட அந்த அலுவலகப் பெண்தான். வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதிகாரி அவளைக் கண்டிக்கிற மாதிரிப் பார்த்தார். ஆனால் அவருக்கும் உதடு நிற்கவில்லை. தலைவருக்குத்தான் யார் பக்கம் சிரிப்பது என்று தெரியவில்லை.

சிரிப்பு ஓய்ந்தபின் அக்கா மற்றதையும் சொன்னாள். எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு ஏழாம் மாதம் நடக்கிறது, அவளுக்கு வேலை தெரியும், கை இருக்கிறது, பலகை இருக்கிறது, அந்தப் பூட்டு ஒன்றுதான் நடுவில் நிற்கிறது என்றாள். திறக்கிறவரைக்கும் வரிசை நிற்கும், எங்களுக்குக் கோபமெல்லாம் இல்லை, வருகிறது, நிற்கிறோம் என்றாள்.

அதிகாரி கொஞ்ச நேரம் மேஜைமேல் இருந்த தண்ணீர்க் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து அதைத் தொடவில்லை போலும், விளிம்புவரை இருந்தது. பிறகு எழுந்தார். “வாங்க, அந்த இடத்தைக் காட்டுங்க” என்றார்.

சாலையைத் தாண்டி, மீன் தண்ணீரில் செருப்பு வழுக்க வழுக்க, சந்தைக்குள் முதல் தடவையாக வந்தார். சாவியை யாரிடம் கேட்டாலும் இன்னொருவர் பெயரைச் சொன்னார்கள். மூன்று பெயர் கேட்டபின் அதிகாரி பூட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “உடைங்க” என்றார். செதிலக்காவின் மகன் ஐஸ் உடைக்கிற கம்பியை எடுத்து வந்தான். வீட்டில் இரு என்று ஒரே வார்த்தையில் முடித்தவன், இப்போது நாலு அடியில் பூட்டை முடித்தான். உள்ளே இருந்த நாற்காலிகளையும் கம்பங்களையும் பெண்கள் கைமாற்றிக் கைமாற்றி வெளியே கொண்டுவந்தார்கள். அலுவலக முற்றத்தில் கொண்டுபோய் மரியாதையாக அடுக்கியும் வைத்தார்கள்.

கதவு திறந்துவிட்டதே, இன்றோடு முடித்துக்கொள்ளலாமே என்றார் தலைவர். குழாயில் தண்ணீர் எங்கே என்று கேட்டாள் முட்டைக்காரி. இந்தத் தடவை அவளை யாரும் தொடையில் அழுத்த வேண்டியிருக்கவில்லை. மோட்டார் வந்து, பொருத்தி, குழாயைத் திருகினால் தண்ணீர் கொட்டுகிறது என்று பார்க்கிறவரை சாலைக்கு அந்தப் பக்கம் வரிசை நின்றது. மூன்று மாதம் பிடிக்கும் என்று சொன்ன வேலை. வரிசை நின்றதால் அந்த வாரத்துக்குள்ளேயே முடிந்துபோனது.

திறப்பு விழா வைக்கத் தலைவர் ஆசைப்பட்டார். நாடா வெட்டிவிட்டு முதலில் அக்காதான் உள்ளே போக வேண்டும் என்றார். வந்தால்தானே போக முடியும், உங்கள் நேரத்துக்கு எனக்கு வருமா என்று அக்கா கேட்டதும் அந்த யோசனையைக் கைவிட்டார். அதற்குள் யாரோ ஒருத்தி நாடாவைத் தூக்கிவிட்டு உள்ளே போயிருந்தாள்.

மருமகள் திரும்பி வந்த நாளில் சந்தையில் நல்ல கூட்டம். மகன் அவள் உட்கார உயரமாக ஒரு பெட்டி போட்டுக்கொடுத்திருந்தான். வயிற்றைத் தள்ளி உட்கார்ந்து, பலகையை அலம்பி, கத்தியைத் தீட்டி, முதல் மீனை எடுத்தாள். நடுமுள்ளை உருவி, இரண்டு துண்டு போட்டவள், மூன்றாவது துண்டுக்குக் கத்தியை வைத்த இடத்திலேயே நிறுத்தினாள். கையை அலம்பிக்கொண்டு எழுந்து பின்பக்கம் நடந்தாள். ஓடவில்லை, ஒளிந்து போகவில்லை. ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கூட்டத்தின் நடுவே வழி கேட்டு வழி கேட்டு, தன் வீட்டுக்குள் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போகிறவள் போலப் போனாள்.

மீனுக்குக் காத்திருந்தவர் அவசரக்காரர். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பாதி வெட்டின மீனைப் பார்த்தார். அந்தப் பெண் எங்கே போய்விட்டது என்று செதிலக்காவிடம் கேட்டார்.

இந்த மாதிரிக் கேள்விக்கு அந்தச் சந்தையில் எந்தப் பெண்ணும் அதுவரை உள்ளதை உள்ளபடி சொன்னதில்லை. அக்கா ஏலத்தில் கூவுகிற குரலில், எதிர்வரிசைவரை கேட்கும்படி சொன்னாள்.

“பாத்ரூம் போயிருக்கா. வருவா. நில்லுங்க.”

அவர் நின்றார்.